ஹோயா ஆர்72 அகச்சிவப்பு வடிகட்டி: சிங்கப்பூர் வெயிலில் ஒரு மதிப்பீடு

ஹோயா ஆர்72 வடிகட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்க்கும் எவருக்கும், இதன் வழியே ஒளி எப்படி ஊடுருவும் என்ற ஐயம் எழுவது இயல்பு. உலோக வளையத்துக்குள் பதிக்கப்பட்ட அந்தக் கண்ணாடி அறை வெளிச்சத்தில் முழுக் கறுப்பாகவே தெரியும். கண்ணால் காணக்கூடிய ஒளியை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிட்டு, சுமார் 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுடைய அகச்சிவப்பு ஒளியை மட்டும் கேமராவுக்குள் அனுப்புவதே இதன் வேலை. இலைகள் வெண்மையாக ஒளிர, நீர் கறுத்துக் கிடக்க, வானம் புயலுக்கு முந்தைய பொழுதைப் போல இருண்டு நிற்கும் அந்தக் கனவுத் தோற்றம் கொண்ட படங்கள் பெரும்பாலும் இத்தகைய வடிகட்டியைக் கொண்டோ, இதற்கெனவே மாற்றியமைக்கப்பட்ட கேமராவைக் கொண்டோ எடுக்கப்படுபவை. அதே தோற்றத்தைக் கைப்பேசிச் செயலிகள் ஒரே தட்டில் தருவதாகச் சொல்லும் இக்காலத்தில், கணிசமான சிங்கப்பூர் வெள்ளியைச் செலவழித்து இந்தக் கறுப்புக் கண்ணாடியை வாங்க வேண்டுமா என்ற கேள்வியை மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வாங்கலாம் என்பதே என் முடிவு. ஆயினும் எல்லாருக்கும் அது பொருந்தாது. எல்லாக் கேமராவுக்கும் பொருந்தாது.

செயலிக்கும் வடிகட்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, இலை ஏன் வெளுக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இலையில் உள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காக நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் உறிஞ்சுகிறது. அண்மை அகச்சிவப்பு ஒளி அதற்குத் தேவைப்படுவதில்லை என்பதால், அந்த ஒளி பச்சையத்தைத் தடையின்றிக் கடந்து இலையின் உட்புறத் திசுக்களுக்குள் செல்கிறது. அங்கே உயிரணுக்களுக்கும் அவற்றுக்கு இடைப்பட்ட காற்றறைகளுக்கும் நடுவே மீண்டும் மீண்டும் சிதறி, ஏறத்தாழப் பாதி அளவு வெளியே திரும்பி வந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு அடர்பச்சையாகத் தெரியும் மரம், அகச்சிவப்பில் பார்க்கும்போது ஒரு பெரும் எதிரொளிப்பானாக நிற்பதற்கு இதுவே காரணம். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1910ஆம் ஆண்டில் இத்தகைய படங்களை வெளியிட்டார். இலைகள் வெளுக்கும் இந்த இயல்பு இன்றுவரை அவர் பெயராலேயே வுட் விளைவு என்று அழைக்கப்படுகிறது.

இங்கே நிறத்துக்கு இடமில்லை. பொருளின் உள்ளமைப்புக்கே இடம். செயலிகள் தவறுவது இந்த இடத்தில்தான். செயலி படத்தில் உள்ள பச்சைப் புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றை வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ மாற்றுகிறது. அந்தப் பச்சை ஓர் இலையுடையதா, சன்னல் கதவில் பூசிய வண்ணமா, கடைப்பலகையின் எழுத்தா என்பது அதற்குத் தெரியாது. தேக்காவில், சிராங்கூன் சாலையின் பக்கவாட்டுத் தெரு ஒன்றில், பச்சை வண்ணம் பூசிய மரச்சன்னல்களுக்குக் கீழே தொட்டிச் செடிகள் வைத்திருந்த பழைய கடைவீடு ஒன்றை இரண்டு விதமாகவும் படமெடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். செயலி சன்னலையும் செடியையும் ஒரே வெண்மையாக்கிவிட்டது. கூடவே, வாசலில் நின்றவரின் பச்சைச் சட்டையையும் வெளுத்துவிட்டது. வடிகட்டி வழியே எடுத்த படத்தில் செடி மட்டும் ஒளிர்ந்தது. சன்னல் கருஞ்சாம்பலாக நின்றது. எல்லாப் பச்சை வண்ணமும் இப்படிக் கறுக்கும் என்று விதி வகுக்க முடியாது. சில சாயங்கள் அகச்சிவப்பை நன்றாகவே எதிரொளிக்கும். அவை இலையோடு போட்டியிட்டு வெளுத்துத் தெரியும். எது கறுக்கும், எது வெளுக்கும் என்பதைக் கண்ணால் முன்கூட்டியே சொல்ல இயலாமல், படத்தைப் பார்த்த பிறகே அறிந்துகொள்ள நேர்வது எனக்கு இந்தக் கலையின் பெரிய இன்பமாகப் படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோடாக் நிறுவனம் உருவாக்கிய பொய்வண்ண அகச்சிவப்புப் படச்சுருளும் இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தியே, தழைபோல் தோன்றும்படி வண்ணம் பூசி மறைத்த இராணுவப் பொருள்களை உயிருள்ள மரங்களிலிருந்து பிரித்துக் காட்டியது.

வடிகட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சுருக்கமானவை. 1941இல் ஜப்பானில் ஒளியியல் கண்ணாடித் தயாரிப்பாளராகத் தொடங்கிய ஹோயாவின் பெயர், வடிகட்டி வாங்குவோருக்கு ஏற்கனவே பழக்கமானது. ஆர்72 பல விட்டங்களில் கிடைக்கிறது. விட்டம் கூடக் கூட விலையும் கூடும். ஆகவே, உங்களிடம் உள்ள வில்லைகளில் எதன் விட்டம் பெரியதோ அதற்குரிய அளவை வாங்கிக்கொண்டு, மற்ற வில்லைகளுக்கு, சிறிய வில்லையில் பெரிய வடிகட்டியைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையம் பயன்படுத்துவது சிக்கனமானது. கண்ணாடியின் தரம் குறித்து எனக்குக் குறை எதுவும் இல்லை. பெயர் தெரியாத மலிவான வடிகட்டிகள் சில, 720 என்று பெட்டியில் அச்சிட்டிருந்தும், காணக்கூடிய சிவப்பு ஒளியைக் கணிசமாக உள்ளே விட்டுவிடுகின்றன. அவற்றில் எடுத்த படத்தில் இலைக்கும் சுவருக்கும் இடையிலான வேறுபாடு மங்கிப்போய்விடும். ஆர்72இல் அந்தப் பிரிப்பு தெளிவாக இருக்கிறது. ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும்: இந்த வடிகட்டியைக் கண்ணருகே வைத்து ஒருபோதும் சூரியனைப் பார்க்கக் கூடாது. கறுப்பாக இருப்பதால் பாதுகாப்பானது என்று தோன்றினாலும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி முழு வலிமையோடு அதன் வழியே விழித்திரையைத் தாக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதை எட்டாத இடத்தில் வையுங்கள்.

இனி, பயன்படுத்தும்போது ஏற்படும் இடர்ப்பாடு. டிஜிட்டல் கேமராவின் உணரி இயல்பாகவே அகச்சிவப்பை உணரக்கூடியது. சிலிக்கான் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரை ஒளியை உணரும். அந்த ஒளி சாதாரணப் படங்களின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்பதால், உற்பத்தியாளர்கள் உணரியின் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைப் பொருத்திவிடுகிறார்கள். 2006இல் வெளிவந்த லைக்கா எம்8 கேமராவில் அந்தத் தடுப்பு மெலிதாக இருந்ததால் கறுப்புச் செயற்கை இழை ஆடைகள் ஊதாவாகப் பதிந்தன என்பதும், அதைச் சரிசெய்ய லைக்கா தன் வாடிக்கையாளர்களுக்குத் தடுப்பு வடிகட்டிகளை இலவசமாக வழங்கியது என்பதும் கேமரா ஆர்வலர்கள் அறிந்த செய்தி. நாம் செய்வது அதற்கு நேர்மாறானது. ஆர்72 அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறது. கேமராவின் உள்ளே உள்ள கண்ணாடி அதே அகச்சிவப்பைத் தடுக்கிறது. இரண்டுக்கும் இடையில் தப்பிவரும் சிறிதளவு ஒளியைச் சேகரித்தே படம் உருவாக வேண்டும். அதனால், சாதாரணமாக விநாடியில் ஒரு சிறு பங்கில் எடுத்துவிடக்கூடிய காட்சிக்கு, உச்சிவெயிலிலும் சில விநாடிகள் முதல் அரை நிமிடம் வரை காத்திருக்க நேரிடும். கேமராவுக்குக் கேமரா இந்த நேரம் பெரிதும் மாறுபடும்.

எனவே முக்காலி இல்லாமல் இந்த வடிகட்டியை வாங்குவதில் பயனில்லை. வடிகட்டியைத் திருகுவதற்கு முன்பே காட்சியை அமைத்து, குவியத்தைச் சரிசெய்து, தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட வேண்டும். அகச்சிவப்பு ஒளி கண்ணால் காணும் ஒளி குவியும் அதே இடத்தில் குவிவதில்லை என்பதால் பழைய வில்லைகளில் அதற்கெனச் சிவப்புப் புள்ளியோ கோடோ குறித்திருப்பார்கள்; அந்தக் குறி இல்லாத புதிய வில்லைகளில் எஃப் 8 அளவுக்குத் திறப்பைச் சுருக்கினால் பெரும்பாலான பிழை மறைந்துவிடும். கண்ணாடி நகரும் எஸ்எல்ஆர் வகைக் கேமராவாக இருந்தால், நீண்ட நேரம் திறந்திருக்கும்போது பார்வைத் துளை வழியே வெளிச்சம் கசிந்து படத்தைக் கெடுக்கும். அந்தத் துளையைக் கறுப்புத் துணியால் மூடிவிட வேண்டும். இவற்றைவிடத் தொல்லை தருவது, சில வில்லைகளில் படத்தின் நடுவே தோன்றும் வெளிறிய வட்டம். வில்லையின் உட்பூச்சு அகச்சிவப்பைக் கருத்தில் கொண்டு செய்யப்படாததால் உட்புற எதிரொளிப்பு அங்கே குவிகிறது. திறப்பைச் சுருக்கச் சுருக்க அது இன்னும் கூர்மையாகத் தெரியும். விலையுயர்ந்த வில்லை என்பதால் இந்தக் குறை இருக்காது என்று நம்பிவிடக் கூடாது. மலிவான சில வில்லைகள் இதில் மாசற்று நிற்கின்றன.

நம் வெப்பநிலையும் கணக்கில் வர வேண்டிய ஒன்று. நீண்ட நேர ஒளிப்பதிவில் உணரி சூடேறி, சிவப்பும் வெள்ளையுமான புள்ளிகள் படமெங்கும் தெறிக்கும். கேமராவில் உள்ள நீண்ட ஒளிப்பதிவு இரைச்சல் நீக்கத்தை இயக்கினால் இவை பெரிதும் மறையும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் இரு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். வெயிலில் நிற்பவருக்கு அது சிறிய செய்தி அன்று. இருந்தும் அந்தக் காத்திருப்பைப் பரிந்துரைக்கிறேன். பிறகு கணினியில் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்குவது அதைவிடக் கடினமான வேலை.

சிங்கப்பூரில் இருப்பது இந்தப் பயிற்சிக்கு ஒரு நற்பேறு என்றே சொல்வேன். நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகை அளவே வடக்கே இருக்கும் நமக்கு ஆண்டு முழுவதும் உச்சிவெயில் கிடைக்கிறது. நம் கடிகாரம் புவியியல் நிலைக்குச் சற்று முந்தி ஓடுவதால், சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணியை ஒட்டியே. மற்ற ஒளிப்படக்காரர்கள் நிழல் கடுமையாக விழுகிறதென்று கேமராவை உறையிலிடும் அந்த நேரத்தில்தான் அகச்சிவப்பில் இலைகள் மிகுதியாக ஒளிரும். ஆனால் வானம் வேறு கணக்கைக் கேட்கிறது. நீல வானத்தில் அகச்சிவப்புக் குறைவு என்பதால் அது கறுப்பாகப் பதிய வேண்டும்; நம் ஈரக்காற்றிலோ நீர்த்துளிகளும் தூசும் மிதந்துகொண்டே இருப்பதால், நண்பகலில் அடிவானம் வெளிறிச் சாம்பலாகவே பதிகிறது. இரவு மழை பெய்து ஓய்ந்த காலையில், ஒன்பது பத்து மணி வாக்கில், சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்தால் அந்தக் கருவானம் கிடைக்கும். மரத்துக்கு நண்பகல், வானத்துக்குக் காலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்ட அளவுக்கு நம்மை வாட்டிய புகைமூட்டம் போன்ற நாள்களில் அகச்சிவப்பு எல்லாவற்றையும் ஊடுருவிக் காட்டிவிடும் என்று சிலர் எண்ணுவதுண்டு. மிக நுண்ணிய புகைத்துகள்களை அது ஓரளவு கடக்கும் என்பது உண்மை. மேகத்தையும் மூடுபனியையும் போன்ற, துளிகள் பெரிதாக உள்ள திரையை அண்மை அகச்சிவப்பால் கடக்க முடியாது.

இடங்களில் என் முதல் தேர்வு பூமலை எனப்படும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா. 1859இல் தொடங்கப்பட்டு, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில் ஒரே பார்வையில் பல வகை இலைகள் கிடைக்கின்றன. வாத்திய மேடையைச் சுற்றி நிற்கும் மஞ்சள் இலைத் தூங்குமூஞ்சி மரங்களைப் பாருங்கள். நம் கண்ணுக்கு அவை பக்கத்துப் பச்சை மரங்களிலிருந்து தனித்துப் பொன்னிறமாகத் தெரிகின்றன. ஆர்72 வழியே அந்த வேறுபாடு மறைந்து எல்லாம் ஒரே வெண்மையில் சேர்ந்துகொள்கின்றன. பச்சையம் குறைந்த இலையும் உள்ளமைப்பில் இலையே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 5 வெள்ளி நோட்டில் இடம்பெற்ற தெம்புசு மரத்தின் தண்டும் கிளைகளும் கருமையாகவும் இலைத்தொகுதி ஒளிக்கூடாரமாகவும் பதிவது எனக்குப் பிடித்த காட்சிகளுள் ஒன்று. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் நீர் வேறொன்றாக மாறுகிறது: அகச்சிவப்பை நீர் உறிஞ்சிவிடுவதால் அது மசிக்கறுப்பாகிறது, அரை நிமிட ஒளிப்பதிவில் சிற்றலைகள் அடங்கி, மேகத்தின் வெண்மை மட்டும் அதன்மேல் படிந்து நிற்கிறது. கரையோரப் பூந்தோட்டங்களில் 25 முதல் 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் 18 பெருமரங்களில், எஃகுச் சட்டங்கள் இருண்டு போக, அவற்றின்மேல் வளர்க்கப்படும் உண்மையான செடிகள் மட்டும் ஒளிர்கின்றன. கட்டப்பட்டது எது, முளைத்தது எது என்பதை அந்தப் படம் யாரும் விளக்காமலே சொல்லிவிடுகிறது. தொலைவில் போக இயலாதவர்களுக்கு, தங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தைச் சூழ்ந்த தூங்குமூஞ்சி மரங்களே போதும்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள, 1827இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தை எதிர்ப்புறச் சாலையோரத்திலிருந்து எடுத்தபோது நான் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. சுதைச் சிற்பங்களின் பலநிற வண்ணப்பூச்சு வடிகட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே சாம்பலாக அடங்கிவிட, கண்ணை இழுத்துக்கொண்டிருந்த நிறங்கள் விலகி, உருவங்களின் வடிவமும் நிழலும் மட்டும் எஞ்சின. கற்கோபுரம் போன்ற அந்தத் தோற்றம் அழகானது. ஆனால் நம் கோயில்களுக்கு வண்ணம் ஓர் அணி மட்டுமல்ல, அடையாளமும் கூட என்பதால் இத்தகைய படத்தை நான் ஒரு முறைக்கு மேல் காட்சிக்கு வைக்க விரும்பவில்லை. மனிதர்களைப் பொறுத்தவரை, அசையாமல் உட்காரச் சம்மதிப்பவர்களை மட்டுமே இந்த வடிகட்டியில் எடுக்க முடியும். தோலின் மேற்பரப்பு வழுவழுப்பாகி, முகம் பீங்கானைப் போல வெளுக்கும். நிறமி அகச்சிவப்பைக் குறைவாகவே உறிஞ்சுவதால், பல இனத்தவர் சேர்ந்திருக்கும் ஒரு குழுப்படத்தில் தோல்நிற வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிதும் குறைந்துவிடும். சில மெல்லிய ஆடைகள் அகச்சிவப்பில் ஒளிபுகும் தன்மை பெறக்கூடும் என்பதால், தெரியாதவர்களை அவர்கள் இசைவின்றி இம்முறையில் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

படத்தை எடுத்து முடித்ததும் திரையில் தெரிவது பெரும்பாலும் இரத்தச் சிவப்பில் மூழ்கிய ஒரு காட்சி. முதல் முறை பார்ப்பவர் வடிகட்டி பழுதோ என்று எண்ணக்கூடும். வேலையின் இரண்டாவது பாதி இங்கே தொடங்குகிறது. ஆர்72இன் மதிப்பையும் அதன் பிறகு செய்யப்படும் திருத்தத்தின் மதிப்பையும் பிரித்துப் பேச முடியாது என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். எப்போதும் ரா கோப்பாகவே, அதாவது உணரி பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் வடிவிலேயே, பதிவு செய்யுங்கள். கேமரா அனுமதித்தால், வெயிலில் ஒளிரும் புல்வெளியை முன்மாதிரியாக வைத்து வெண்சமநிலையை அமைத்துக்கொள்ளுங்கள். அடோபியின் படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில் வண்ண வெப்பநிலை 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காததால் படம் சிவப்பிலேயே சிக்கிக்கொள்ளும். அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரைக் கொண்டு உங்கள் கேமராவுக்கென ஒரு தனிச் சுயவிவரம் உருவாக்கி, அதில் வெப்பநிலையைக் கீழே தள்ளி வைத்தால் அந்தத் தடை நீங்கும். அதற்குப் பிறகு இலைகள் நீலச்சாயல் கொண்ட வெண்மைக்கும் வானம் செம்பழுப்புக்கும் வந்து சேரும்.

படத்தின் சிவப்பு, நீல நிறத் தகவல்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றும், பலரும் அறிந்த சேனல் மாற்றம் அடுத்தது. ஃபோட்டோஷாப்பின் சேனல் மிக்சரில், சிவப்பு வெளியீட்டில் சிவப்பை 0 என்றும் நீலத்தை 100 என்றும், நீல வெளியீட்டில் சிவப்பை 100 என்றும் நீலத்தை 0 என்றும் மாற்றினால் செம்பழுப்பு வானம் நீலமாகிறது. இலைகள் மெல்லிய பொன் தழுவிய வெண்மையாகின்றன. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளிலும் இதே கருவி உண்டு. இதற்காக மாதச் சந்தா கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களின் படங்களே நிலைத்து நிற்கின்றன என்பது என் துணிபு. 720 நானோமீட்டருக்கு மேல் நிறத் தகவல் மிகக் குறைவு. அந்தச் சிறு வேறுபாட்டை வலிந்து இழுத்து வானத்தைப் பளீரென்ற நீலமாக்கினால், சரிவுகளில் பட்டை பட்டையாகப் படிகள் தோன்றும், இலையும் வானமும் சந்திக்கும் விளிம்புகளில் வெண்கோடு படரும், இரைச்சல் மேலெழும். நிறம் வேண்டாம் என்று முடிவு செய்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது ஆர்72 தன் முழு ஆற்றலையும் காட்டுகிறது. என் சுவரில் மாட்டத் தகுந்தவை என்று நான் தேர்ந்தவற்றில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்களே.

அங்கிருந்து மீயதார்த்தப் படங்களுக்குச் செல்வோர், அதாவது பல படங்களை ஒட்டி உலகில் இல்லாத காட்சியை உருவாக்குவோர், ஒரு முன்னோடியை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜெரி யூல்ஸ்மன் 1934 முதல் 2022 வரை வாழ்ந்தவர். ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு 1990இல் வெளிவருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இருட்டறையில் பல உருப்பெருக்கிகளை வரிசையாக வைத்து, ஒரே தாளின்மேல் பல நெகட்டிவ்களை அடுத்தடுத்துப் பதித்து, காற்றில் மிதக்கும் மரங்களையும் கூரைக்குப் பதில் மேகம் கொண்ட அறைகளையும் உருவாக்கினார். அவர் படங்கள் நம்பும்படியாக இருப்பதற்கு, ஒட்டிய பகுதிகளின் ஒளி ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதே காரணம். அகச்சிவப்புப் படத்தோடு சாதாரணப் படத்தைச் சேர்க்கும்போது அந்த இசைவு எளிதில் உடைந்துபோகிறது. சாதாரண ஒளியில் எடுத்த மனித உருவத்தை அகச்சிவப்புப் பூங்காவுக்குள் வைத்தால், முகத்தின் நிழல் கூர்மையும் தோலின் கருமையும் பின்னணியோடு ஒட்டாமல், வெட்டி வைத்தது உடனே தெரிந்துவிடும். இதற்கு எனக்குப் பயன்பட்ட வழி, முக்காலியை அசைக்காமல் ஒரே காட்சியை வடிகட்டியோடு ஒரு முறையும் வடிகட்டியின்றி ஒரு முறையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களாக அடுக்கி, வேண்டாத பகுதியை மறைக்கும் மாஸ்க் வழியே தேவையான இடத்தில் மட்டும் ஒன்றை மற்றொன்றுக்குள் திறந்துவிடுவது. வெண்ணிற மரங்களுக்கு நடுவே ஒரு செங்கல் சுவர் மட்டும் தன் இயல்பான நிறத்தில் நிற்கும். அல்லது கறுத்த நீரின்மேல் ஒரு படகின் நீலம் மட்டும் எஞ்சும். இரு படங்களிலும் சூரியன் ஒரே இடத்தில் இருந்ததால் நிழல்கள் பொருந்துகின்றன. காற்றில் இலைகள் அசைந்த இடங்களில் மட்டும் மாஸ்கின் விளிம்பை மென்மையாக்க வேண்டியிருக்கும். செயலியின் ஒரு தட்டில் கிடைக்கும் மாயத்துக்கு இந்தப் பொறுமை தேவைப்படுவதில்லை. ஆகையால் அந்த மாயம் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் மாறுவதும் இல்லை.

ஆர்72க்கு உண்மையான போட்டி, அகச்சிவப்புக்கென மாற்றியமைக்கப்பட்ட கேமராவே. உணரியின் முன்னுள்ள தடுப்புக் கண்ணாடியை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் தேர்ந்த அலைநீளத்துக்குரிய வடிகட்டியைப் பொருத்தித் தரும் சேவை இது. அதன் பிறகு கேமராவைக் கையிலேயே பிடித்து, சாதாரண வேகத்தில் எடுக்கலாம். காற்றும் மனிதர்களும் தடையாவதில்லை. 590 நானோமீட்டர் வகையில் இலைகள் பொன்னிறமாகவும், 665இல் நிறம் சற்று அடங்கியும், 720இல் ஆர்72ஐப் போலவும், 830ஐ ஒட்டிய வகையில் தூய கறுப்பு வெள்ளையாகவும் படம் கிடைக்கும். கண்ணாடியற்ற மிரர்லெஸ் கேமராவை மாற்றுவதே நல்லது. உணரியே குவியத்தையும் கணிப்பதால் குவியப் பிழை எழாது. சிக்மா நிறுவனத்தின் சில கேமராக்களில் அந்தத் தடுப்புக் கண்ணாடியைப் பயனரே கழற்றிவிடலாம் என்பதால் பழைய சந்தையில் அவற்றைத் தேடுவோர் உண்டு. மாற்றியமைத்த பிறகு கேமரா சாதாரணப் படங்களுக்கு மீள்வது கடினம், உத்தரவாதமும் போய்விடும். வீட்டில் நீங்களே திறந்து பார்க்க முயல வேண்டாம். பிளாஷ் உள்ள கேமராவின் மின்தேக்கி, மின்கலத்தைக் கழற்றிய பின்னும் கடுமையாகத் தாக்கக்கூடியது.

மாதம் ஒரு முறையாவது வெயிலில் முக்காலியோடு இறங்கும் மனமும், நிலக்காட்சியிலும் மரங்களிலும் ஆர்வமும் உடையவருக்கு ஆர்72ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். குழந்தைகளையும் தெருவாழ்வையும் விரும்பி எடுப்பவர் மாற்றியமைத்த பழைய கேமராவுக்கே பணத்தைச் சேமிப்பது நல்லது. எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. தொலைக்காட்சித் தொலைக்கட்டுப்பாட்டுக் கருவியைக் கேமராவின் நேரடித் திரைக்கு முன் பிடித்து அழுத்தினால், அதன் நுனி விளக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு உங்கள் கேமரா அகச்சிவப்பை உள்ளே விடுகிறது என்று கொள்ளலாம். அந்த விளக்கின் ஒளி பொதுவாக 940 நானோமீட்டர் அளவில் இருப்பதால் அதை முழுத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் கேமராவையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு கேமராக் கடைகள் நிறைந்த பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் செல்லுங்கள். கடைக்காரரின் அனுமதியோடு வடிகட்டியைப் பொருத்தி, சற்றுத் தள்ளியுள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலய வளாகத்து மரங்களை ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, எஃப் 8, 30 விநாடி என்ற அளவில் எடுத்துப் பாருங்கள். வெயில் நன்றாக விழும்போதும் இலைகள் திரையில் ஒளிராமல் மங்கிய சிவப்பாகவே கிடந்தால் உங்கள் கேமராவின் தடுப்புக் கண்ணாடி மிக வலியது. வடிகட்டியை வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.